எல்லையோரத் தொடக்கப் பள்ளியில் செயல்வழிக் கற்றல்: ஓர் இளம் ஆசிரியருக்குக் கடிதம்

தொடக்கப் பள்ளியில் செயல்திட்டம் என்பது, விடை பாடநூலில் இல்லாத ஒரு கேள்வியைக் குழந்தைகள் கண்ணாலும் கையாலும் தேடி, கண்டதைத் தங்கள் சொல்லில் எழுதிவைக்கும் வேலை. கேள்வி, தேடல், பதிவு ஆகிய மூன்றில் எது விடுபட்டாலும் மிஞ்சுவது வெறும் கைவேலைதான். பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் போன்ற ஊரின் தமிழ்வழி எல்.பி. (கீழ்த் தொடக்கப்) பள்ளியில் பணியேற்கும் இளம் ஆசிரியர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இது.

ஏனென்றால் 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லுக்குப் பெற்றோரிடையே இன்று வேறு பொருள் வந்துவிட்டது. பள்ளி முடிந்து வரும் குழந்தை நாளைக்குள் ஒரு மாதிரி வேண்டும் என்கிறது. தாயோ அண்ணனோ தெர்மோகோல் வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசுகிறார்கள். படங்கள் ஜெராக்ஸ் கடையில் அச்சாகின்றன. மறுநாள் வகுப்பில் அது மேசைமேல் நிற்கிறது. அதைப் பற்றிக் குழந்தையால் இரண்டு வாக்கியம் சொல்ல முடிவதில்லை. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்தச் செலவும் இரவு உழைப்பும் வீண் சுமை. ஆகவே செயல்திட்டத்தின் எந்தப் பகுதியும் வீட்டில் பெரியவர் கையால் நடக்கக் கூடாது. வேலை பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்தில், கிடைக்கிற பொருளைக் கொண்டு நடக்க வேண்டும். கடையில் வாங்கினால்தான் முடியும் என்ற திட்டத்தைத் தயங்காமல் கைவிடலாம்.

செய்து கற்பது என்ற எண்ணம் புதியதல்ல. ஜான் டூயி சிகாகோவில் சோதனைப் பள்ளியைத் தொடங்கியது 1896இல். அவர் வழியில் வந்த கில்பாட்ரிக் செயல்திட்ட முறையை விளக்கிக் கட்டுரை எழுதியது 1918இல். இந்தியாவில் இந்த எண்ணம் பெரிய அளவில் பேசப்பட்டது 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டில். அதன் தொடர்ச்சியாக ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம், ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. நூற்பதிலிருந்து கணக்கும், பருத்தியிலிருந்து புவியியலும் இயல்பாக வளரும் என்பது நம்பிக்கை. பல பள்ளிகளில் நடந்தது வேறு. குழந்தைகள் தக்ளியில் நூற்றார்கள். பிறகு வழக்கமான பாடத்தைப் படித்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஆசிரியர் வலிந்து ஒரு தொடர்பைச் சொன்னார். கை ஓய்ந்த பிறகு தலை தனியே வேலை செய்தது. இன்றைய வகுப்பறையிலும் இதே விபத்து நடக்கிறது. காகிதப் பூ செய்து முடித்த பின் 'பூவின் பாகங்கள்' கரும்பலகையில் தனியாக எழுதப்படுகின்றன.

அதைவிடக் கசப்பான இன்னொரு நினைவு தமிழ்ச் சமூகத்துக்கு உண்டு. 1953இல் சென்னை மாநில முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். அதன்படி குழந்தைகள் நாளுக்கு 3 மணி நேரம் பள்ளியில் இருப்பார்கள். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவார்கள். மக்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வி. சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்கவும், தோல் வேலை செய்பவரின் பிள்ளை தோலுக்கே திரும்பவும் அரசு வழிசெய்கிறது என்று பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கோபாலபுரம் பக்கத்தை உள்ளடக்கிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டம் அப்போது சென்னை மாநிலத்தில் இல்லை. கொச்சி ராஜ்யத்திலிருந்து திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்திருந்த பகுதி அது. ஆனாலும் எல்லையோரத் தமிழ் வகுப்பறையில் கைவேலை பற்றிப் பேசும் எவரும் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்திலிருந்து கேள்வி தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் குழந்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும்படி திட்டம் அமையக் கூடாது.

இது வெறும் கொள்கையாக நின்றுவிடுவதில்லை. சித்தூர் வட்டம் கேரளத்தில் கள்ளுக்குப் பேர்போன பகுதி. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலோ கள் இறக்கத் தடை. வகுப்பில் ஒரு குழந்தையின் தந்தை மரமேறுபவராக இருப்பார், இன்னொருவர் தென்னந்தோப்பில் கூலி, மற்றொருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் தோப்புக்கே சொந்தக்காரர். 'உன் அப்பா செய்யும் தொழிலை நடித்துக் காட்டு' என்பது ஆசிரியருக்கு எளிய செயல்பாடாகத் தோன்றலாம். வகுப்பின் நடுவில் நிற்கும் குழந்தைக்கு அது சாதியையும் வறுமையையும் சபையில் சொல்லும் கட்டாயம். தொழிலை விட்டு, மரமேறுபவர் ஏறும் பனையைக் கேள்வியாக்கினால் கதை மாறுகிறது. பள்ளிக்கு அருகில் எத்தனை பனைகள், எவை ஆண் எவை பெண், ஓர் ஓலையின் நீளம் என்ன, எந்த மரத்தில் எந்த மாதம் நுங்கு வருகிறது என்று தேடும்போது, மரமேறுபவரின் பிள்ளைக்குத் தெரிந்தது வகுப்பு முழுவதற்கும் அறிவாகிறது. அந்தப் பிள்ளையின் தந்தையை ஒரு நாள் அழைத்து, மரத்தைப் பற்றி விளக்கம் சொல்லும் ஆளாக உட்காரவைக்கலாம். எண்ணுவது, அளப்பது, எழுதுவது ஆகியவற்றை எல்லாக் குழந்தைகளும் செய்ய வேண்டும்.

அண்மைக் காலத்தில் செயல்வழிக் கற்றல் தென்னிந்தியாவில் பரவிய பாதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வதும் பயன் தரும். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ராமாவும் பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் கற்கும் சிறு கிராமப் பள்ளிகளுக்காகச் செயல்பாட்டு அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கினார்கள். அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு அமர்ந்தார். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. தன் வருகையைக் குழந்தையே குறித்தது. இவை பெரிய மாற்றங்கள். ஆனால் அட்டையை முடித்து அடுத்த அட்டைக்குப் போவதே குறிக்கோளான வகுப்புகளில் குழந்தை தானாக ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு குறைந்தது. அட்டை ஒரு நல்ல துணை. அதிலுள்ள கேள்வியும் வேறொருவர் எழுதியதே.

கேரளத்தில் 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பாலக்காடும் இடுக்கியும் அதன் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தன. செயல்பாட்டை மையமாகக் கொண்ட பாடத்திட்டம் அத்துடன் நுழைந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. எழுத்தும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுக்காமல் பாட்டும் விளையாட்டுமாகப் பொழுது போகிறது என்பது பல பெற்றோரின் குறை. அந்தக் குறையை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. பிள்ளை எழுதிய பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. செயல்திட்டத்தின் முடிவில் குழந்தையின் கையெழுத்தில் ஒரு பக்கமாவது இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இராது.

சட்டமும் ஆசிரியரின் பக்கம்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பிப்பதையும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிப்பதையும் 29ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. எனவே குழந்தைகளை வகுப்புக்கு வெளியே அழைத்துப்போய் ஒரு மரத்தடியில் அளந்துகொண்டிருக்கும் ஆசிரியர் பாடத்தை விட்டு விலகியவர் அல்லர். மேலதிகாரி கேட்டால் அமைதியாகச் சொல்ல வேண்டிய பதில் அது.

இனி, எந்தக் கேள்வி என்பதற்கு வரலாம். கோபாலபுரம் பக்கத்துக் குழந்தைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் அறுந்து கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று மலையேறாமலே கிழக்கே கடந்துபோகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு மாவட்டத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படுகிறது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியது. இதே வட்டாரத்தின் பெருமாட்டி ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடையில், கிணறுகள் கெட்டதற்கு எதிராக மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் போராடியதும், கொக்கோ கோலா ஆலை 2004இல் நின்றதும் குழந்தைகளின் பாட்டிகள் அறிந்த செய்தி. ஆழியாற்று நீர் மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டிச் சித்தூர்ப் புழையாகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்பாட்டின்படி அங்கே கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் தரப்பட வேண்டும். இவ்வளவையும் நான்காம் வகுப்பில் பாடமாகச் சொன்னால் அது செய்தித்தாள். 'நம் பள்ளியில் இந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்யும்?' என்று கேட்டால் அது செயல்திட்டம். இதற்கு விடை எந்த நூலிலும் இல்லை, ஆசிரியருக்கும் தெரியாது. அதுவே இதன் சிறப்பு.

கேரளப் பள்ளி ஆண்டு ஜூனில், பருவமழையோடு சேர்ந்தே தொடங்குவது இதற்கு வசதி. மழைமானி செய்ய, நேரான சுவருள்ள 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும். அதன் மேல்பகுதியை ஆசிரியர் வெட்டித் தர வேண்டும். கத்தி குழந்தை கைக்குப் போக வேண்டாம். வெட்டிய கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகினால் அதுவே புனல். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறிக்க வேண்டும். அதற்கு மேல் மில்லிமீட்டர் கோடுகள். கூரை விளிம்புக்கும் மரத்துக்கும் தள்ளி, வெட்டவெளியில், சாயாதபடி நாலு கல்லுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். எங்கே வைப்பது என்பதை ஆசிரியர் சொல்லிவிடாமல் குழந்தைகளிடம் விடுவது நல்லது. வேப்பமரத்தடியில் வைத்தால் என்ன ஆகும் என்ற வாக்குவாதம் அரை மணி நேரம் ஓடினாலும் அந்த நேரம் வீண் இல்லை. இரண்டு பாட்டிலை இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு குழந்தை சொன்னால், அன்றைய பாடம் நிறைவேறியது.

இந்திய வானிலைத் துறை மழையை நாள்தோறும் காலை 8.30க்கு அளக்கிறது. பள்ளி தனக்கு வசதியான ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்த நேரம் மாறக் கூடாது. ஏன் மாறக் கூடாது என்று குழந்தைகளையே கேட்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இருவர் தனித்தனியே பார்த்து, ஒருவர் சொல்லை மற்றவர் கேட்காமல் குறிக்கட்டும். ஒருவர் 12 என்றும் மற்றவர் 14 என்றும் எழுதுவார்கள். அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. ஒரு பிள்ளை நின்றபடி மேலிருந்து பார்த்திருக்கும், மற்றது குந்தி உட்கார்ந்து நீர்மட்டத்துக்குக் கண்ணை வைத்திருக்கும். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருவரையும் மீண்டும் பார்க்கச் சொன்னால், கண் மட்டத்தில் வைத்து அளக்கும் பழக்கம் ஆயுள் முழுக்க நிலைக்கும்.

பதிவேட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அளக்காத நாளில் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இந்த வேறுபாட்டை மூன்றாம் வகுப்புக் குழந்தை புரிந்துகொண்டால், பெரியவர்களின் பல அறிக்கைகளைவிட அதன் பதிவேடு நேர்மையானது. சனி, ஞாயிறு மழை திங்களன்று மொத்தமாகக் கிடைக்கும். அது மூன்று நாள் மழை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பாட்டிலை ஆடு முட்டித் தள்ளியிருந்தால் அதையும் எழுத வேண்டும். திட்டுக்குப் பயந்து குழந்தை ஒரு எண்ணைக் கற்பனையாக எழுதினால் தவறு வகுப்பின் சூழலில் இருக்கிறது. பாட்டில் கவிழ்ந்த செய்தியை ஆசிரியர் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டால் பொய் எண்கள் வாரா.

ஒரே பதிவேடு நாலு வகுப்புக்கும் வேலை தரும். பிள்ளைகள் குறைவாக உள்ள எல்லையோரப் பள்ளிகளில் இது பெரிய உதவி. ஒன்றாம் வகுப்பு அன்றைய நீர்மட்ட உயரத்துக்குக் காகிதப் பட்டை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டும். சில வாரங்களில் சுவரே வரைபடமாகிவிடும். இரண்டாம் வகுப்பு எது கூட, எது குறைவு என்று ஒப்பிடும். மூன்றாம் வகுப்பு வாரத்துக்குக் கூட்டும். நான்காம் வகுப்புக்கு ஓர் அழகான உண்மை காத்திருக்கிறது: 1 மில்லிமீட்டர் மழை, 1 சதுர மீட்டர் பரப்பில் சரியாக 1 லிட்டர் நீர். பள்ளிக் கூரை 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால், 20 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழுந்தது 1,000 லிட்டர். எத்தனை குடம் என்று கணக்கிடச் சொன்னால் பெருக்கலும் வகுத்தலும் தானாக வரும். குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் அம்மாவை அறிந்த பிள்ளைக்கு அந்த விடை வெறும் எண் அல்ல. அங்கிருந்து கூரை நீரைச் சேமிக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் ஊராட்சி உறுப்பினரைப் பள்ளிக்கு அழைத்துக் குழந்தைகளே கேட்கட்டும்.

மழை இல்லாத மாதங்களுக்குக் காற்று இருக்கிறது. கணவாய் வழியாக மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுவதை ஒரு கம்பத்தில் கட்டிய துணி நாடாவே காட்டிவிடும். பனையோலைக் காற்றாடி செய்யத் தெரிந்த ஒரு பிள்ளையாவது வகுப்பில் இருக்கும். அன்றைக்கு அதுவே ஆசிரியர். பொள்ளாச்சிச் சந்தை விலையையும் கொழிஞ்சாம்பாறை விலையையும் ஒப்பிடுவது, ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வீட்டில் சமைப்பதைப் பட்டியலிடுவது போன்றவையும் ஆகும். ஆனால் ஓர் ஆண்டில் நீண்ட திட்டம் ஒன்று, குறுந்திட்டம் இரண்டு என்பதற்கு மேல் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. பாதியில் விட்ட ஆறு திட்டங்களைவிட முடித்த ஒன்று மேல்.

குழு அமைப்பதில் ஆசிரியரின் கண் விழித்திருக்க வேண்டும். சும்மா விட்டால் அளவுகோல் பையன் கைக்கும், நோட்டு பெண் குழந்தை கைக்கும், துடைப்பம் ஏழைப் பிள்ளையின் கைக்கும் போய்ச் சேரும். அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், இடத்தைச் சுத்தம் செய்பவர் என்ற நாலு பொறுப்பும் வாரந்தோறும் சுழல வேண்டும். சுவரில் பட்டியல் தொங்கினால் குழந்தைகளே அதைக் காப்பாற்றுவார்கள். நால்வருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். ஐந்தாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

மொழி குறித்தும் சொல்ல வேண்டும். எல்லையோரக் குழந்தை வீட்டில் கொங்குத் தமிழோ தெலுங்கோ கன்னடமோ பேசும். கடையில் மலையாளம் கேட்கும். பள்ளியில் மலையாள மூலத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் பாடநூலைப் படிக்கும். அந்த நூலின் நடை சில இடங்களில் குழந்தைக்கு அந்நியமாக இருப்பதில் வியப்பில்லை. செயல்திட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் சிறந்த வாய்ப்பு, ஏனென்றால் கையில் இருக்கும் பொருளைப் பற்றி எழுதும்போது பிள்ளைக்குச் சொல் பஞ்சம் வருவதில்லை. முதல் எழுத்து அது பேசும் சொல்லிலேயே இருக்கட்டும். 'நேத்து பேஞ்ச மழைல பாட்டில் பாதி ரொம்பிருச்சு' என்று எழுதியதை அடித்துத் திருத்தாமல், எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டால், அடுத்த வாக்கியம் தானே துல்லியமாகும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது இரண்டாம் வாசிப்பின் வேலை. கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மலையாளமும் எல்லோரும் கற்க வேண்டிய மொழியாகிவிட்டதால், அதே பதிவேட்டின் ஒரு பக்கத்தை மலையாள வகுப்பில் எழுதவும் ஏற்பாடு செய்யலாம். இடுக்கியின் மூணாறு, மறையூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றோடு மாதம் ஒரு கடிதம் எழுதி மழைக் கணக்கை மாற்றிக்கொண்டால் இன்னும் சிறப்பு. ஒரே மாநிலம், ஒரே பருவக்காற்று, ஆனால் மலை முகட்டில் ஒரு கணக்கு, மழை மறைவான மறையூரில் ஒரு கணக்கு, கணவாயில் ஒரு கணக்கு. ஏன் என்று குழந்தை கேட்கும்போது புவியியல் நூலைத் திறக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

மதிப்பீட்டுக்கு அழகான மாதிரியோ கண்காட்சியோ அளவுகோல் ஆகாது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினார்கள். சோதனை செய்து காட்டுவதும் தேர்வின் பகுதி. தொடக்கப் பள்ளிக்கு அதன் எளிய வடிவம் போதும். மழைமானியைக் கையில் கொடுத்து அது எப்படி வேலை செய்கிறது என்று புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு விளக்கச் சொல்லலாம். வாய் அகன்று அடி குறுகிய பாட்டிலைக் கொடுத்து இதில் அளக்கலாமா என்று கேட்கலாம். சரியான விடை சொன்ன குழந்தையைவிட, தான் முதலில் நினைத்தது ஏன் தவறு என்று சொல்லும் குழந்தை அதிகம் கற்றிருக்கிறது. ஆசிரியர் தன் குறிப்பேட்டில் ஒவ்வொரு குழந்தையும் கேட்ட ஒரு கேள்வியைத் தேதியிட்டு எழுதிவந்தால், ஆண்டு முடிவில் அதைவிடச் சிறந்த மதிப்பீட்டு ஆவணம் தேவைப்படாது. பெயருக்கு எதிரே கேள்வியே இல்லாத குழந்தை யார் என்பதும் அதில் தெரியும். அடுத்த வாரம் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மார்ச்சில் பதிவேட்டை மூடும் முன் மொத்தத்தைக் கூட்டி, விடுபட்ட நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதி, அளந்த எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். அதைத் தலைமை ஆசிரியரின் அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். ஜூனில் புதிய மூன்றாம் வகுப்பு அதைத் திறந்து, போன ஆண்டு இதே வாரம் எவ்வளவு பெய்தது என்று பார்த்துவிட்டுத் தன் முதல் எண்ணை எழுதும்.